வாய் திறந்த சிங்கம்

தேய்ப்புக் கொட்டகைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு,

நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள். நானும் வந்தேன். உங்களை எல்லாம் ஒன்றாகப் பார்த்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. டீயைக் குடித்துவிட்டு, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வானம் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள் நான், எழுத்தில் பிழை இருக்கும். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லையே, அது போதும்.

கல்லை எந்தத் தேய்ப்புத் தாளுக்கு அப்புறம் எந்தத் தாளால் தேய்ப்பது, எவ்வளவு தண்ணீர் விடுவது, மெருகுப் பவுடரை எப்போது போடுவது என்பதெல்லாம் கொட்டகையிலேயே உங்களுக்குப் பழகிவிடும். அதை எழுத நான் வேண்டாம். நான் ஒரு சிங்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். படித்து முடித்தால் தைரியம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கே வரவில்லை.

அப்போது நம் பட்டறையில் கல்லறை வேலைதான். குன்னூர், வெலிங்டன், கேத்தி என்று எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் நம் கை பட்ட சிலுவை ஒன்றாவது இருக்கும். விரித்த புத்தகம், சிறகு மடக்கிய சம்மனசு, குழந்தை செத்தால் படுத்திருக்கிற ஆட்டுக்குட்டி. வெட்டுவது மேஸ்திரி. தேய்ப்பது நான். மேஸ்திரி இலங்கையில் தேயிலைத் தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்து, பையனாக இருக்கும்போது கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர். பேரைச் சொல்ல மாட்டேன். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

ஒரு நாள் ஆட்டுக்குட்டிக்குக் காது வைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம சாமானப் பாக்க வாறவன் எல்லாம் அழுதுகிட்டே வாறான் தங்கச்சி. பாத்துட்டு இன்னும் கொஞ்சம் அழுதுட்டுப் போறான். சாகுறதுக்குள்ள ஒண்ணாவது, ஆளு சிரிச்சுகிட்டு வந்து பாக்கிற மாதிரி செய்யணும்."

"குரங்கு செய்யுங்கண்ணே. சிரிப்பாங்க" என்றேன்.

"ஒன் மூஞ்சியப் பாத்து வெட்டவா?" என்றார்.

அந்த மாதிரி ஒரு வேலை உண்மையிலேயே வந்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு பெரிய மனிதர் மலைச்சரிவில் தோட்டம் போட்டிருந்தார். வெளிநாட்டுப் பழைய சிலைகளைப் போலவே செய்து அங்கே நிறுத்த வேண்டும் என்று ஆசை. முதல் சிலையாக ஒரு சிங்கம். அதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள, பழைய சிற்பங்களைப் பற்றிக் கல்லூரியில் பாடம் சொல்கிற ஒரு அம்மாவை ஏற்பாடு செய்திருந்தார். நாங்கள் அவர்களை மேடம் என்போம். நல்ல மனுஷி. எங்களோடு சாக்கில் உட்கார்ந்து வடை சாப்பிடுவார்.

மேடம் பெரிய பெரிய படங்களைச் சுவரில் ஒட்டினார். லிடியா என்று ஒரு நாடு இருந்ததாம். இன்றைக்கு அது துருக்கியில் இருக்கிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி அங்கே வெள்ளைச் சலவைக்கல்லில் சிங்கங்கள் செய்திருக்கிறார்கள். காலை மடக்கிப் படுத்திருக்கும். பிடரி மயிர் தீ நாக்கு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். மூக்கைச் சுற்றி மடிப்பு. வாய் கொஞ்சம் திறந்து உள்ளே பல் தெரியும். வயிற்றுக்கும் காலுக்கும் நடுவில் குடையாமல் கல்லை அப்படியே விட்டிருந்தார்கள்.

மேஸ்திரி படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "என்னா மேடம், செஞ்சவன் சிங்கத்தப் பாத்ததே இல்லயா? எங்க லயத்து நாய் சோத்துக்குப் படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த ஊர்ல சிங்கம் இருந்துச்சுங்க மேஸ்திரி. ராஜா காசுலகூட சிங்கத் தலைதான். அவங்க அதைப் பாத்து ஓடலை, கும்பிட்டாங்க. அதான் இவ்வளவு நிதானமா படுத்திருக்கு."

"வேட்டையாடினவன் செஞ்சிருந்தா பாயுற மாதிரி செஞ்சிருப்பான்" என்றார் மேஸ்திரி. அதன் பிறகு நாய் என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு கட்டளை இருந்தது. மெஷின் படக்கூடாது. அந்தக் காலத்தில் செய்த மாதிரியே செய்ய வேண்டும். முதலில் முனை உளியால் கொத்தி வேண்டாத கல்லை ஒதுக்குவது. அப்புறம் பல் உளி, அது சீப்பு இழுத்த மாதிரி கோடு போடும். அப்புறம் பட்டை உளி. குழிக்கெல்லாம் வில்லில் கயிறு மாட்டி இழுத்துச் சுழற்றுகிற துளை ஊசி. கடைசியில் மணலும் தண்ணீரும் வைத்துத் தேய்ப்பது. கிரைண்டரும் கட்டரும் மூலையில் சாக்குப் போட்டு மூடப்பட்டன.

ராஜஸ்தான் கல் வந்து இறங்கியது. மேஸ்திரி சுத்தியால் தட்டிக் காது வைத்துப் பார்த்தார். மணி மாதிரி கேட்டது. அவர் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "எந்தக் கல்லறைக்கும் இல்லாத கல்லு" என்றார்.

மேடம் ஏதோ பேசிக்கொண்டே சொன்னார், "இந்தச் சிங்கங்களும் நெறைய சமாதிக்குக் காவலா வெச்சதுதாங்க." அவர் மனதில் ஒன்றுமில்லை, பாடம் சொல்கிற மாதிரி சொன்னார். மேஸ்திரி உளியைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம், "அது அவன் ஊர்ல. இது தோட்டத்துக்கு" என்று சொல்லி மறுபடி எடுத்தார்.

இனி நான் சொல்வதைக் கவனியுங்கள். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வருஷக்கணக்காகக் கிரைண்டர் பிடித்தவர்களுக்கு இந்தக் குளிரில் ஒரு வியாதி வருகிறது. காலையில் விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்துப்போகும். முதலில் கொஞ்ச நேரம் ஊசி குத்தும், வெயில் பட்டால் சரியாகிவிடும். அப்புறம் சரியாகாது. பிறகு ஊசி குத்துவதும் நின்றுவிடும். அது நின்றதும் வியாதி போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். போனது உணர்ச்சிதான்.

மேஸ்திரிக்கு அப்படிப் போயிருந்ததை நான் ஒரு டீ டம்ளரை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றிய டீ. நான் முந்தானையால் பிடித்துக் கொடுத்தேன். அவர் இடது கையில் வாங்கி, அப்படியே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். விரல் சிவந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே, கை!"

டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓனருக்குச் சொல்லாத" என்றார். "கிரைண்டருக்கு இறுக்கிப் பிடிச்சா போதும். உளிக்கு விரல் கேக்குது தங்கச்சி. அடிக்கிறது இந்தக் கை. கல்லு என்னா சொல்லுதுன்னு கேக்கிறது அந்தக் கை. அந்தக் கை செவிடாப் போச்சு." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

கையால் வெட்டும்போது என்ன ஆபத்து என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முனை உளி நேராக இறங்கினால் சலவைக்கல் உள்ளே நசுங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் இருக்காது. தேய்த்துக் கடைசித் தாளுக்கு வந்ததும் வெள்ளைப் பூ மாதிரி புள்ளி தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உளி சாய்ந்து போகிறதா, நேராக இறங்குகிறதா என்பது பிடித்திருக்கிற விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

அதனால் உளியை நான் பிடித்தேன். அவர் அடித்தார்.

இப்படி ஒருத்தர் பிடித்து ஒருத்தர் அடித்து யாரும் முகம் வெட்டியிருக்க மாட்டார்கள். "பல்லுளி வழுக்குதுங்கண்ணே" என்பேன், சாய்ப்பார். "இறங்குதுங்கண்ணே" என்பேன், நிறுத்துவார். சுத்தி என் கட்டைவிரலுக்கு ஒரு நூல் தள்ளி விழும்.

"பாத்து அடிங்க. விரல் போனா ஊட்ல யாரு சோறாக்கறது?"

"ஒன் சோத்த விட ஒன் விரல் போறது நல்லம்னு ஒன் புருசன் சொல்லுறானாமே."

ஓனர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க மேஸ்திரி, ஞானம்மாவை எதுக்குங்க அங்க உக்கார வெச்சிருக்கீங்க? தேய்ப்பு வேலை கெடக்குதுங்களே" என்பார். அவருக்கு வயது குறைவு, அப்பா போன பிறகு பட்டறை தலையில் விழுந்தவர். "கல்லு பிடிக்க ஆளு வேணுமுங்க" என்று மேஸ்திரி சமாளிப்பார்.

பிடரி வந்தது. தொடை ஒரே வளைவில் வந்தது. மூக்கு மடிப்பு வந்தது. மேடம் படத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார். பல் உளிக் கோடு பக்கவாட்டில் அப்படியே தெரிந்தது. அதை மட்டும் தேய்க்க வேண்டாம் என்றார் மேடம். தேய்க்காமல் விடுவது எனக்குப் புது வேலை.

மிஞ்சியது வாய். உதட்டு ஓரத்தில் துளை போட்டு, நடுவில் கல்லை எடுத்து, பல்லை நிறுத்த வேண்டும். நான் கயிறு இழுத்தேன், அவர் ஊசியை அழுத்தினார். முதல் துளை முடிந்ததும் தூசி போக முகத்தைக் கழுவிவிட்டேன். வெயில் இருந்தது. சிங்கத்தின் முகம் காய்ந்து வெளுத்தது. மூக்கிலிருந்து தாடை வரைக்கும் ஒரு கோடு மட்டும் காயவில்லை.

நம் கொட்டகையில் இதற்கு ஒரு சொல் உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஈரம் நிற்கிறது என்போம். கல்லுக்குள் விரிசல் இருந்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். கல்லோடு பிறந்த விரிசல். தட்டினால்கூடக் கேட்காது.

"அண்ணே, ஈரம் நிக்குதுங்க."

அவர் குனிந்து பார்த்தார். துணியால் துடைத்தார். மறுபடி நனைத்துக் காயவிட்டார். கோடு அங்கேயே நின்றது. ஊசியைக் கழற்றித் தரையில் வைத்தார். "வாய் திறக்கக் கூடாது. மூடின வாயா கோடு மட்டும் இழுத்து விட்டுருவம். திறந்தா தாடை கையில வந்துரும்."

உடனே சொன்னார், யோசிக்கவே இல்லை. அவ்வளவு நாள் ஆசைப்பட்ட வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தினார். சரியான நேரத்தில் நிறுத்தத் தெரிந்தவன்தான் வேலைக்காரன் என்று உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். அவருக்குத் தெரிந்திருந்தது. நிறுத்தவும் செய்தார். அப்படியும் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மேடம் வந்து பார்த்துவிட்டு, "அப்படியே விட்டுடலாங்க. லிடியாவுலயும் முடிக்காம விட்ட வேலைங்க கெடைச்சிருக்கு. நான் தோட்டத்துக்காரர்கிட்டப் பேசறேன்" என்றார். வெளியே நின்று போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. ஓனர் போனும் அதற்குள் அடித்துவிட்டது.

"வாய மூடிட்டுப் படுத்திருக்கறதுக்கு எனக்கு எதுக்கு சிங்கம்னு கேக்கறாருங்க" என்றார் ஓனர். "விருந்தாளிக எல்லாம் வராங்களாமா. நாளைக்கு லாரி வருதுங்க. மெஷின் போட்டாலும் பரவால்லைங்கறார். வாய் திறந்திருக்கோணும், அவ்வளவுதான்."

"மெஷின் படக் கூடாதுன்னு சொன்னதே அவர்தானேங்க!" என்றார் மேடம்.

"நான் என்னுங்க மேடம் பண்றது? மேஸ்திரிக்கு முடியாட்டி வெளியாளைக் கூட்டியாந்து முடிச்சுக்கறேனுங்க."

மேஸ்திரி கல்லின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். உணர்ச்சி இல்லாத கைதான். "வெளியாளு இதுல கை வைக்கப்படாது" என்றார். "போறதா இருந்தா என் கையால போகட்டும். நானே வெட்டுறன்." மூலைக்குப் போய்ச் சாக்கை எடுத்துவிட்டுக் கட்டரைத் தூக்கினார்.

நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். ஆனாலும் சொன்னேன். "அண்ணனுக்கு விரல்ல உணர்ச்சி இல்லைங்க. கட்டரைக் குடுக்காதீங்க."

ஓனர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை. அப்புறம் சிரித்தார். மடியிலிருந்து பீடியும் தீப்பெட்டியும் எடுத்து, இடது கையால் ஒரு குச்சியை உருவி, ஒரே உரசலில் பற்றவைத்தார்.

"தங்கச்சிக்குப் பயம்" என்றார். "பெரியாஸ்பத்திரி டாக்டரு மாதிரி பேசுது."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே செய்தால் உணர்ச்சி இல்லாத விரலும் தீக்குச்சியை எடுக்கும். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஓனருக்கு நம்புவதுதான் வசதியாக இருந்தது. நம்பினார். அவரைத் திட்ட மாட்டேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

"தண்ணி ஊத்து" என்றார் மேஸ்திரி. முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

கட்டர் ஓடும்போது ஒன்றும் கேட்காது. தூசியும் தண்ணீரும் சேர்ந்து பால் மாதிரி ஓடும், வெட்டுகிற இடம் கண்ணுக்கே தெரியாது. வலது கையில் கட்டர். இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தார், விழுந்தால் பிடிக்கலாம் என்று. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பால் ஓடியது. பிறகு ரோஸ் நிறத்தில் ஓடியது. இந்தக் கல்லில் இப்படி ஒரு நரம்பு இருக்கிறதா என்று ஒரு கணம் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அடுத்த கணம் கத்தினேன். கட்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஓனர் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார்.

தாடை எப்போதோ உடைந்திருந்தது. அது நழுவி அவர் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. அதைத் தாங்கிய விரல்களைக் கட்டர் கடந்து போயிருந்தது. அவர் இன்னும் தாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

"எதுக்கு நிறுத்தினீங்க?" என்று கேட்டார். அப்புறம்தான் கையைப் பார்த்தார். கத்தவில்லை. "வலிக்கல தங்கச்சி" என்றார். ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் பட்டறைக்குத் திரும்ப வரவில்லை. லாரி சில நாள் தள்ளி வந்தது. கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து உள்ளே கம்பி வைத்துத் தாடையை ஒட்டினார். கல்லில் ரத்தம் ஊறியிருந்தது. சலவைக்கல் எதையும் குடித்துவிடும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். புண் கழுவுகிற நுரை மருந்தில் காகிதத்தைக் கூழாக்கி அப்பிவைத்தேன். காய்ந்ததும் உரித்தேன். மறுபடி அப்பினேன். ஓனர் பக்கத்தில் வந்து நின்றார். "ஒட்டின கூட்டு தெரியக் கூடாதுங்க ஞானம்மா" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கூட்டின் மேல் தாள் மாற்றி மாற்றித் தேய்த்தேன்.

சிங்கம் கோத்தகிரிப் பக்கத்தில் இப்போதும் படுத்திருக்கிறது. அதன் வாய்க்குள் கை விட்டுக்கொண்டு சிரித்துப் போட்டோ எடுக்கிறார்களாம். மேடம் அந்தத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டார்.

விரல் வெளுத்தால் மறைக்காதீர்கள், சொல்லுங்கள். யாரிடம் சொல்வது என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லிப் பார்த்தேன். ஈரம் நின்றால் வெட்டாதீர்கள். அது உங்கள் கையில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. இதை எழுத ஆரம்பித்தபோது, எழுதிக்கொண்டே போனால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மேஸ்திரி கூடலூர்ப் பக்கம் ஸ்ரீமதுரையில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகாமல் பஸ் ஏறிப் போனேன். கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கையைச் சால்வைக்குள் வைத்திருந்தார். தீக்குச்சி விஷயத்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மகள் கட்டன் காப்பி கொடுத்தாள்.

"சிங்கம் போயிருச்சா?" என்றார் மேஸ்திரி.

"போயிருச்சுங்கண்ணே. தாடைய ஒட்டித்தான் அனுப்புனாங்க."

"கூட்டு தெரியுதா?"

"தெரியலைங்க."

"ரத்தம்?"

"எல்லாம் வெளிய வந்துருச்சுங்கண்ணே. ஒண்ணுமே இல்லை."

"நனைச்சுப் பாத்தாக்கூட?"

"நனைச்சும் பாத்தேனுங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அங்கே என்ன நடந்தது என்பதற்கு அந்தக் கல்லில் மிச்சமிருந்த ஒன்றையும் நானே துடைத்து எடுத்துவிட்டேன் என்பது அவர் அப்படிப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

"நல்லாத் தேச்சிருக்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.